‘ஆஃப்ரோடு’ என்று ஒட்டிவிட்டால் போதுமா?

நான்காவது முறையாக மெத்தையை வெயிலில் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் செம்மண் புகைகிறது. பயணம் முடிந்து வீடு திரும்பி மூன்று வாரமாகிறது! காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் இந்த மடிப்பு வீட்டு வண்டிக்கா நாற்பதாயிரம் டாலர் கொடுத்தேன் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து மரீ என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து ஊட்னடாட்டா தடம் என்ற பாலைவனச் சாலையில் ஏறினோம். பழைய கான் ரயில் ஓடிய வழி அது. 600 கிலோமீட்டருக்கு மேல் மண் சாலை. இப்படிப்பட்ட வழிகளில் போவதற்காகத்தான் மடிப்பு கேம்பர் டிரெய்லரையே வாங்கினோம். துணிக்கூடாரம் காற்றில் படபடக்கும், நனைந்தால் காயவைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் யோசித்து, கெட்டிச் சுவர் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். கூரையின் இரு பாதிகளையும் தூக்கி, பக்கத்து முக்கோணப் பலகைகளை நிமிர்த்தினால் பத்து நிமிடத்தில் வீடு தயார். வெறும் வண்டி 900 கிலோதான். எங்கள் கார் திணறாமல் இழுத்தது. அந்த அமைப்பின் மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை. வண்டியின் விலாவில் ஒரு சாண் உயர எழுத்தில் ‘ஆஃப்ரோடு’, அதாவது கரடுமுரடான வழிக்கும் ஏற்றது என்று ஒட்டியிருந்தது. நம்பினேன்.

தகரக் கூரையைத் தரையில் விரித்தது போல வரிவரியான சாலை. டயர் காற்றைக் குறைத்தோம், வேகத்தைக் குறைத்தோம், மணிக்கொரு தரம் இறங்கி இழுவைக் கொக்கியையும் சக்கர நட்டுகளையும் சோதித்தோம். மரீயிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் கடந்து, சாயங்காலம் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமிடத்தில் பேரீச்சை மரங்களுக்கு அருகே வண்டியை நிறுத்தினோம். கூரையைத் தூக்கினேன். மேலிருந்து மண் முகத்தில் கொட்டியது.

தலையணையில் விரல் வைத்தால் பள்ளம் விழுகிறது. மகள் தன் மெத்தையைப் பார்த்துவிட்டு, பேசாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். மிளகாய்த்தூள் டப்பாவின் ஓரத்தில் படிந்திருந்தது தூளா மண்ணா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நாக்கில் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கூரைக் கீலில் மூன்று ரிவெட்டுகளைக் காணோம். இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை ஒரு முழ நீளத்துக்கு உரிந்து தொங்கியது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. காருக்குப் பின்னால் ஓடும் வண்டிக்குள் காற்றழுத்தம் குறையும். கிடைத்த இடுக்கிலெல்லாம் தூசி உள்ளே இழுபடும். மடிப்பு வண்டிக்கோ சுற்றிலும் இடுக்குதான். குலுக்கலில் மெல்லிய பலகை முறுக்கிக்கொள்ளும்போது பட்டை அதை விட்டு விலகுகிறது. இதற்காகவே சில வண்டிகளின் கூரையில் முன்பக்கம் பார்த்த ஒரு காற்றுவாய் வைக்கிறார்கள். வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே புகுந்து அழுத்தத்தைக் கூட்டி, தூசியை வெளியிலேயே நிறுத்துகிறது. என் வண்டியில் அது கிடையாது. எடையைக் குறைத்தோம், குறைத்தோம் என்று பெருமை பேசினார்களே, எதையெல்லாம் குறைத்தார்கள் என்று ஒருவராவது வாய் திறந்தார்களா?

விற்றவரிடம் போனால் வாரண்டித் தாளைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைக்கிறார்: பராமரிக்கப்படும் சரளைச் சாலைகளுக்கு மட்டும். அந்தச் சாலைக்கு நீங்கள் போயிருக்கவே கூடாது என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. வேறு எந்தச் சாலைக்குப் போவதற்காக அந்த எழுத்தை ஒட்டினீர்கள்? பணம் வாங்கிய அன்று இந்த வரியில் ஏன் விரல் வைக்கவில்லை?

நான் ஒருவன் மட்டும் புலம்பவில்லை. ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2022-இல் புதிய கேரவன், அதாவது இழுத்துப்போகும் வீட்டு வண்டிகளின் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆணையத்தின் கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் வண்டியில் கோளாறு இருந்ததாகச் சொன்னார்கள். எந்த வேலைக்கு ஏற்றது என்று சொல்லி ஒரு பொருளை விற்கிறார்களோ, அந்த வேலைக்கு அது உதவ வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். வாரண்டித் தாளில் எதை எழுதினாலும் அந்த உரிமை போய்விடாது.

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். அவர்களுடைய விளம்பரப் படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதே வண்டி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாலைவனத்தில் ஓடுகிறது அதில். அதை மேசைமேல் வைத்து, இது எந்தச் சாலை என்று கேட்கப்போகிறேன்.