ரத்ததானம் செய்தால் டிஎன்ஏ போலீசுக்குப் போகாது

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "அமெரிக்காவில் 40 வருஷம் கழித்து ஒரு கொலைகாரனை டிஎன்ஏ வைத்துப் பிடித்தார்கள். இங்கேயும் ரத்ததான முகாமில் எடுக்கும் டிஎன்ஏ, ஆதாரோடு சேர்ந்து போலீசுக்குப் போகிறது. ரத்தம் கொடுக்காதீர்கள்!"

முதல் வரி சரி. மற்றதெல்லாம் பொய்.

அந்தக் கொலைகாரன் ஜோசப் டிஏஞ்சலோ 2018-இல் கலிபோர்னியாவில் சிக்கியதற்கும் ரத்த வங்கிக்கும் சம்பந்தமே இல்லை. பழைய வழக்கில் பத்திரமாக வைத்திருந்த தடயத்தின் டிஎன்ஏவை, வம்சாவளி தேடுபவர்கள் தாங்களே விவரம் பதிவேற்றும் தளங்களில் ஒப்பிட்டார்கள். தூரத்துச் சொந்தங்கள் தெரியவந்தார்கள். அங்கிருந்து குடும்ப உறவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து அந்த ஆளை நெருங்கினார்கள். அப்புறம் கார் கதவுக் கைப்பிடியிலும், குப்பையில் போட்ட டிஷ்யூ தாளிலும் மாதிரி எடுத்து உறுதிசெய்தார்கள். 2020-இல் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான்.

ஆதாருக்கு எடுப்பது புகைப்படம், பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழிப் பதிவு. டிஎன்ஏ கிடையாது, ஆதார் ஆணைய இணையதளத்திலேயே பார்க்கலாம். தானம் செய்த ரத்தத்தில் பார்ப்பது ரத்த வகை, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா. குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்கான 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உயிரியல் மாதிரி எடுப்பது கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள் போன்றோரிடம்தான், ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் அல்ல. டிஎன்ஏ வங்கி அமைக்க வந்த மசோதாவும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயால் மாதாமாதம் ரத்தம் ஏற்றவேண்டிய குழந்தைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பொய்ச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.