90 நாள் கெடு

2012 ஜூன் 29. ஜப்பானும் தென் கொரியாவும் டோக்கியோவில் ஒரு ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள். நேரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, சியோலிலிருந்து தகவல் வருகிறது: இப்போது வேண்டாம். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன கதை.

அப்படி என்ன பெரிய ஒப்பந்தம்? படை அனுப்புவது, தளம் கொடுப்பது எல்லாம் இல்லை. ஒருவர் கொடுக்கும் ராணுவ ரகசியத்தை மற்றவர் பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்பதுதான். சுருக்கமாக ஜிசோமியா என்பார்கள். ஆனால் 1910 முதல் 1945 வரை கொரியாவை அடக்கி ஆண்ட ஜப்பானோடு, அதுவும் ராணுவ விஷயத்தில்! அப்போதைய கொரிய அதிபர் லீ மியுங் பாக்கின் அரசு அதை அமைச்சரவையில் சத்தமில்லாமல் நிறைவேற்றியிருந்தது. வெளியே தெரிந்ததும் நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் பாதிதான் ஜப்பான் மீது, மீதி ஒளித்துச் செய்ததற்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அதிலிருந்தாவது கற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. 2016 நவம்பர் 23 அன்று சியோலில் கையெழுத்தானபோது பத்திரிகைக்காரர்களை உள்ளே விடவில்லை. புகைப்படக்காரர்கள் கேமராக்களைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். அதிபர் பார்க் குன் ஹே பதவி விலக வேண்டும் என்று வாராவாரம் கூட்டம் தெருவில் திரண்டுகொண்டிருந்த நேரம் வேறு.

இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு எதற்கு இந்த ஒப்பந்தம்? பூமி உருண்டையாக இருப்பதால்தான். வட கொரியா ஏவுகணை விட்டால், அது கிளம்புவதைப் பக்கத்திலிருக்கும் தென் கொரிய ரேடார் உடனே பிடித்துவிடும். தொலைவில் கடலில் விழும் கட்டம் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். ஜப்பானுக்கு நேர்மாறு: கிளம்புவது தெரியாது, விழுவது தெரியும். ஒருவரிடம் கதையின் தொடக்கம், இன்னொருவரிடம் முடிவு. அது விழும் கடலுக்குக்கூட இவர்களுக்குள் பொதுப் பெயர் கிடையாது. ஜப்பான் கடல் என்பார்கள் இவர்கள், கிழக்குக் கடல் என்பார்கள் அவர்கள்.

ஒப்பந்தம் வந்தும் சண்டை தீரவில்லை. 2018 அக்டோபரில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களிடம் கட்டாய வேலை வாங்கியதற்கு ஜப்பானிய நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிசம்பரில், எங்கள் விமானத்தைக் கொரியக் கப்பல் ரேடாரால் குறிவைத்தது என்றது ஜப்பான். இல்லவே இல்லை என்றது கொரியா. அடுத்த ஜூலையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி, சிப் தயாரிக்கத் தேவையான மூன்று பொருட்களைக் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்வதை ஜப்பான் இறுக்கியது. 'பாதுகாப்பு விஷயத்தில் எங்களை நம்பாதவனிடம் ரகசியத்தை எப்படிக் கொடுப்பது?' என்பது கொரியாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். 2019 ஆகஸ்ட் 22 அன்று கொரிய அதிபர் மூன் ஜே இன்னின் அரசு ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. இந்த ஒப்பந்தத்துக்கு ஆயுள் ஒரு வருடம்தான். வேண்டாம் என்றால் 90 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் தானாக நீளும். இவ்வளவு லேசாக முறிக்க முடிகிற ஒப்பந்தம் என்ன ஒப்பந்தம் என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அந்தக் கெடுவை எழுதியவர் மூளைக்காரர் என்று நினைக்கிறேன். கோபத்தில் சொன்னதற்கும் அது நடப்பதற்கும் நடுவே மூன்று மாதம். அந்த இடைவெளியில், அக்டோபர் 2 அன்று, வட கொரியா நீர்மூழ்கி ஏவுகணை ஒன்றைச் சோதித்தது. ஜப்பான் முதலில் இரண்டு ஏவுகணை என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒன்று என்று திருத்தியது. கொரியாவோ, முறிப்பதாக அறிவித்த அதே ஒப்பந்தத்தின்படி ஜப்பானிடம் தகவல் கேட்டது! அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை, நெருக்கியது. நவம்பர் 22 மாலை, காலாவதியாக ஆறு மணி நேரம் இருக்கையில், முறிப்பை நிறுத்திவைப்பதாகக் கொரியா சொன்னது, எப்போது வேண்டுமானாலும் முறிப்போம் என்ற நிபந்தனையோடு.

2023 மார்ச்சில் அடுத்த அதிபர் யூன் சுக் இயோல் அந்த நிபந்தனையையும் நீக்கி, ஒப்பந்தத்தை முழுசாக நிமிர்த்தினார். ஆனால் அதற்குச் சில நாள் முன்பு அவர் செய்தது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. கட்டாய வேலை பார்த்தவர்களுக்கு ஜப்பானிய நிறுவனங்கள் தர வேண்டிய பணத்தைக் கொரிய அறக்கட்டளையே தரும் என்றார். தொண்ணூறைத் தாண்டிய முதியவர்கள் சிலர் அந்தக் காசே வேண்டாம் என்றார்கள். அவர்கள் கேட்டது மன்னிப்பு. ராணுவ உறவுக்கு அந்த வயதானவர்களை விலையாகக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? ரேடார் தகவலுக்கும் நஷ்டஈட்டுக்கும் முடிச்சுப் போட்டது அரசுகள், அவர்கள் இல்லை.

ஜப்பானோடு சேர்ந்து ராணுவப் பயிற்சியா என்று 2022இல் காரசாரமாக எதிர்த்த லீ ஜே மியுங் 2025இல் அதிபரானார். வாஷிங்டன் போவதற்கு முன்பே டோக்கியோ போய்விட்டு வந்தார்.

சண்டை ஓய்ந்ததா என்றால் அதுவும் இல்லை. துபாய் விமானக் கண்காட்சிக்குப் போகும் கொரிய விமானப்படையின் சாகசக் குழு, வழியில் ஓக்கினாவாவில் எரிபொருள் நிரப்ப ஏற்பாடாகியிருந்தது. அந்தக் குழுவின் விமானம், இரண்டு நாடும் தன்னுடையது என்று சொல்லும் டோக்டோ தீவருகே பறந்ததைக் காரணம் காட்டி, எரிபொருள் தர ஜப்பான் மறுத்துவிட்டது. பதிலுக்குக் கொரியா ஜப்பானில் நடந்த ராணுவ இசை விழாவுக்கு வாத்தியக் குழுவை அனுப்பவில்லை. அது நடந்தது 2025 நவம்பரில், ஜிசோமியா இன்னொரு வருடத்துக்கு நீளும் அதே மாதத்தில். அதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.