பெயர் இல்லாத ஒழுங்கைகள் இருக்க, பெயர் உள்ள வீதியை ஏன் மாற்றுகிறோம்?

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி ஓட்டோக்காரர் ஒருவரிடம் "லேடி மன்னிங் பாலத்தடிக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். "அது எங்ககா இருக்கு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "கல்லடிப் பாலம்" என்றால் உடனே வண்டி கிளம்பிவிடும். 1924இல் அந்த இரும்புப் பாலம் திறக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் சேர் வில்லியம் மன்னிங். அவருடைய மனைவியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நாடு முழுவதையும் ஆண்டவர்கள் வைத்த பெயர், நூறு வருசம் கழிந்தும் ஊர்வாயில் ஏறவில்லை. 2013இல் ஜப்பான் உதவியோடு பக்கத்தில் புதுப் பாலம் வந்தது. அதற்கும் கல்லடிப் பாலம் என்றுதான் பெயர்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச் 19உடன் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருசத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2025 மே 6இல் தேர்தல் நடந்து அநேகமான சபைகள் திரும்ப வந்திருக்கின்றன. எந்தச் சபையிலும் செலவு குறைந்த, கைதட்டு நிறைந்த பிரேரணை என்றால் அது வீதிக்கு ஒரு தலைவரின் பெயரை வைப்பதுதான். தலைவர்களை மதிப்பதில் எனக்கு எந்த முரண்பாடும் இல்லை. இருக்கிற பெயரை அழித்துவிட்டு அதன் மேல் இன்னொரு பெயரை எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆட்சி மாறும்போது பெயருக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தைப் பாருங்கள். 1970இல் பண்டாரநாயக்க பெயர் வந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் பெயர் போனது. 1995இல் திரும்பவும் வந்தது. சனம் தொடக்கத்திலிருந்து இன்றுவரை சொல்வது "கட்டுநாயக்கா". கொழும்பில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று பலகை வைத்து எத்தனையோ காலம் ஆயிற்று, இன்றும் பஸ்ஸில் "டூப்ளிகேஷன் ரோட்" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். சென்னையில் அண்ணா சாலை. அண்ணாவை நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் ஊரிலேயே "மவுண்ட் ரோடு" இன்னும் சாகவில்லை.

அப்படியானால் தலைவர் பெயர் எங்குமே ஒட்டாதா? ஒட்டும். கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு, ஒன்று கல்முனை வடக்கு, மற்றது அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. "கல்முனை ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னால் எது என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை தேவைப்பட்டதால் "அஷ்ரப் ஆஸ்பத்திரி" இயல்பாக வாயில் வந்துவிட்டது. 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் பெயரை ஒரு நாளில் எத்தனை பேர் உச்சரிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரமும் அப்படித்தான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் அது, அழிப்பதற்கு அதற்கு முன்பெயர் ஒன்று இருக்கவில்லை. அதே திட்டத்தோடு பட்டிப்பளை ஆறு என்ற பெயர் பின்னுக்குப் போய் கல்லோயா முன்னுக்கு வந்ததை எங்கள் ஆட்கள் இன்னும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். ஒரே திட்டத்தில் இந்த இரண்டு விதமும் நடந்திருக்கின்றன. பெயர் தேவைப்பட்ட இடத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இருந்த பெயரைத் தள்ளிவிட்டு வந்த பெயர் மூன்று தலைமுறை தாண்டியும் குத்துகிறது.

இனி, பிரேரணை கொண்டு வருகிறவர்கள் கணக்கில் எடுக்காத பக்கத்துக்கு வருகிறேன். வீதியின் பெயர் பலகையில் மட்டும் இல்லை. ஒரு வீட்டுக்காரரின் அலுமாரியைத் திறந்து பார்த்தால் காணி உறுதி, நில அளவைப் படம், சோலைவரிச் சிட்டை, கரண்ட் பில், தண்ணீர் பில், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பின் பிரதி, வங்கிப் புத்தகம், கடை இருந்தால் வியாபாரப் பதிவு என்று அத்தனையிலும் அந்தப் பெயர் இருக்கும். சபை மாற்றுவது இவற்றில் ஒன்றை மட்டும், தன்னுடைய சோலைவரிப் புத்தகத்தை. மற்றதெல்லாம் வீட்டுக்காரர் தன் செலவில், தன் லீவில் அலைந்து மாற்ற வேண்டியவை.

அதிகம் அடிபடுவது இரண்டு இடத்தில். முதலாவது, முதலாம் தரத்துக்குப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது. அண்மையில் வசிப்போர் என்ற வகையில் விண்ணப்பித்தால் கடந்த ஐந்து வருச வாக்காளர் இடாப்பு, உறுதி, கட்டணப் பட்டியல்கள் எல்லாம் ஒரே முகவரியைக் காட்ட வேண்டும். இடையில் வீதிப் பெயர் மாறியிருந்தால் மூன்று வருசம் ஒரு பெயரும் இரண்டு வருசம் இன்னொரு பெயரும் வரும். நேர்முகப் பரீட்சைக் குழு "இது ஒரே வீடா?" என்று கேட்கும். கேட்பது அவர்கள் கடமை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதில் சொல்லத் தாய் தகப்பன் கையில் ஒரு கடிதம் வேண்டும். "முன்னர் இன்ன வீதி என அழைக்கப்பட்டது, இன்ன திகதியிலிருந்து இன்ன வீதி, வரி மதிப்பீட்டு இலக்கம் இது" என்று சபையின் கடிதத் தலைப்பில், கையொப்பமும் முத்திரையும் இட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் கூட இருந்தால் நல்லது.

இரண்டாவது காணி. உறுதியின் அட்டவணையில் நாலு எல்லையும் எழுதியிருக்கும்: கிழக்கே இன்ன வீதி, தெற்கே இன்னாருடைய வளவு என்று. பெயர் மாறியதால் உறுதி செல்லாமல் போகாது, அந்தப் பயம் வேண்டாம். சிக்கல் அடுத்த கைமாற்றத்தில்தான் வரும். நொத்தாரிசு புதுப் பெயரை மட்டும் எழுதி, பழைய பெயரையும் பழைய பதிவையும் குறிப்பிடாமல் விட்டால், காணிப் பதிவகத்தில் பழைய பக்கத்தோடு தொடுக்காமல் புதுப் பக்கம் திறக்கப்படலாம். அப்படி நடந்தால் முன்பு வைத்த ஈடு ஒன்று பழைய பக்கத்தில் கிடக்க, தேடிப் பார்க்கிறவருக்குப் புதுப் பக்கம் சுத்தமாகத் தெரியும். சரியான பக்கத்தில் பதியாத உறுதிக்கு முன்னுரிமையும் போகலாம். எனவே எழுதும்போது "முன்னர் இன்ன வீதி என அழைக்கப்பட்டு தற்போது இன்ன வீதி என அழைக்கப்படும்" என்ற வரியை நீங்களே கேட்டுப் போடுவியுங்கள். வங்கிக் கடனுக்கு ஸ்ட்ரீட் லைன் சான்றிதழ் (சபை தரும் வீதி எல்லைச் சான்றிதழ்) எடுக்கும்போதும் இரண்டு பெயரும் அதில் வரட்டும்.

இலக்கம் இன்னொரு தலையிடி. ஒரு நீண்ட வீதியின் பாதியை மட்டும் வெட்டி அதற்குத் தலைவர் பெயர் வைத்தால் மீதிப் பாதியின் இலக்கம் 87இலிருந்து தொடங்கும், அல்லது இரண்டு பாதியிலும் 12ஆம் இலக்கம் இருக்கும். ஏற்கெனவே பிரதான வீதியால் படும் பாடு போதும். ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரை எத்தனை ஊரை ஊடறுக்கிறதோ, அநேகமாக அத்தனை ஊரிலும் அது "பிரதான வீதி"தான். அஞ்சல் குறியீடு எழுதாத பார்சல் கல்முனைக்கு, அதாவது 32300க்குப் போக வேண்டியது, 30100 ஆன காத்தான்குடிக்குப் போய்த் திரும்பி வரும். பெயர் சரியோ பிழையோ, அந்த ஐந்து இலக்கத்தை எழுத மறக்காதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது அந்த வீதி யாருடையது என்பது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மிச்சம்தான் பெரும்பாலும் சபையின் வீதிகள். ஏ4க்கு ஒரு பிரதேச சபை தனியாகத் தீர்மானம் எடுத்துப் பெயர் மாற்ற முடியாது. ஆனாலும் இப்படிப் பிரேரணைகள் வரும், கைதட்டோடு நிறைவேறும், பிறகு கோவைக்குள் தூங்கும். வீதி சபைக்கு உரியதுதான் என்றாலும் ஒருவர் பிரேரித்து இன்னொருவர் வழிமொழிந்து நிறைவேற்றியதோடு பெயர் மாறிவிடாது. அங்கு வசிக்கிறவர்களிடம் ஆட்சேபனை கேட்க வேண்டும், உள்ளூராட்சித் திணைக்களத்தினூடாக மாகாண மட்டத்து அங்கீகாரம் வர வேண்டும். கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்ததிலிருந்து அந்த மாகாண அதிகாரம் ஆளுநர் கையில். அங்கீகாரம் வந்த பின்னாவது பிரதேச செயலகம், தபாலகம், மின்சார சபை, நீர் வழங்கல் சபை, தேர்தல் அலுவலகம், நில அளவைத் திணைக்களம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெரும்பாலும் பிழைப்பது இந்தக் கடைசி அடியில். அங்கீகாரத்துக்கு முன்பே பலகை நட்டுத் திறப்பு விழா நடந்துவிடும், படம் எடுத்துவிடுவார்கள், கடிதங்கள் போகாது. வீதியில் ஒரு பெயரும் கச்சேரியில் இன்னொரு பெயருமாக வருசக் கணக்கில் ஓடும்.

பெயர் மாறியதா இல்லையா என்று தெரியாமல் குழம்புகிறவர்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். கேட்க வேண்டியது மூன்றுதான்: தீர்மானம் எடுத்த கூட்ட அறிக்கையின் பிரதி, அங்கீகாரக் கடிதத்தின் பிரதி, எந்தெந்த நிறுவனத்துக்கு எந்தத் திகதியில் அறிவித்தார்கள் என்ற விபரம். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால்.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைவருக்கு வைத்த மரியாதை கடைசியில் அந்தத் தகட்டில்தான் நிற்கிறது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை எல்லாம் உப்புக் காற்று அடிக்கும் கரை. அலுமினியத் தகட்டைச் சாதாரண இரும்பு ஆணியால் பூட்டினால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்பீரம் பட்டு அரிப்பு தொடங்கி, துளை பெரிதாகித் தகடு தொங்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணியும் இடையில் நைலோன் வாஷரும் போட வேண்டும். சிவப்பு எழுத்து ஸ்டிக்கர் வெயிலில் முதலில் வெளிறும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து நீடிக்கும், இரவில் லைற் பட்டால் மிளிரும் தாளாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய், தரையிலிருந்து தகட்டின் கீழ் விளிம்பு ஏழடி, இரண்டடிக் குழியில் கொங்கிறீட். எங்கள் மண் மணல். குழாயின் அடியில் குறுக்குக் கம்பி ஒன்றை வெல்டிங் பிடிக்காமல் நட்டால் காற்றுக்குக் குழாய் மெல்ல மெல்லத் திரும்பி, பலகை அடுத்த ஒழுங்கையைக் காட்டிக்கொண்டு நிற்கும். பெயர் வைக்கப்பட்டவரின் எழுத்து ஒரு சாணும் திறந்து வைத்தவரின் எழுத்து முழமுமாக இருக்கும் கற்களையும் இனிமேல் நட வேண்டாம்.

மூன்று மொழியிலும் எழுத்துப் பிழை பார்ப்பதும் இதே அளவு முக்கியம். மட்டக்களப்பில் நல்லையா வீதி இருக்கிறது. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்படும், கூகுள் வரைபடத்தில் தேடுகிறவருக்கு ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. அங்கீகாரக் கடிதத்திலேயே மூன்று மொழி எழுத்தையும் நிர்ணயித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட எனக்குக் கவலை, அந்த வீதியால் நாளாந்தம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நல்லையா யார் என்று தெரியாமல் இருப்பது. 1944இல் சட்டசபையில் ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டு வந்தபோது, "தமிழும்" என்று சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தவர் திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர் வீ. நல்லையா. அந்தத் திருத்தத்தோடுதான் அது நிறைவேறியது. இவ்வளவு பெரிய காரியம் செய்தவருக்குத் தகட்டில் இன்னும் ஒரு வரி எழுதினால் என்ன? "1944இல் தமிழுக்காகத் திருத்தம் கொண்டு வந்தவர்". இவ்வளவுதான் வேண்டும்.

பெயரால் பகை வந்த கதையும் நமக்குத் தெரியாதது இல்லை. தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர் பெயர்களை வைத்துக்கொண்டே போனார்கள். 1997இல் தென்மாவட்டங்களில் ஒரு கழகத்துக்கு வைத்த பெயரால் சாதிக் கலவரம் வெடித்து, கடைசியில் அரசு எல்லா மாவட்டப் பெயர்களிலிருந்தும் கழகப் பெயர்களிலிருந்தும் தலைவர் பெயர்களை ஒரேயடியாக எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வாழும் நம் கரையில், கோயில் பெயரிலோ பள்ளிவாசல் பெயரிலோ தலைமுறையாக இருக்கும் வீதியில் கை வைப்பது வெறும் நிர்வாக வேலை ஆகாது. அதில் சபையின் பெரும்பான்மையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்த வீதியில் குடியிருக்கும் இரு பகுதியாரும் கையொப்பமிட்டுத் தராவிட்டால் பிரேரணையை எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

மறுபக்கம் பாருங்கள், எத்தனை இடம் பெயர் இல்லாமல் கிடக்கிறது. சுனாமிக்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளில் உள் வீதிகள், "1ஆம் குறுக்கு, 2ஆம் குறுக்கு" என்று எண்ணோடு நிற்கும் ஒழுங்கைகள், மத்திய முகாம் பக்கம் இன்றும் "4ஆம் கொலனி, 12ஆம் கொலனி" என்று இலக்கத்தால் அறியப்படும் ஊர்களின் உள் வீதிகள். அம்புலன்ஸுக்கு வழி சொல்லும்போது "மாமரத்தடியால திரும்பி மூணாவது கேற்" என்றுதான் அங்கே இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தை செல்வா பெயரோ அஷ்ரப் பெயரோ அங்கே வரட்டும். பத்து வீட்டு ஒழுங்கைக்கு இவ்வளவு பெரிய தலைவரின் பெயரா, இது குறைவில்லையா என்று சில ஆதரவாளர்கள் கேட்பார்கள். அந்தப் பத்து வீட்டாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் பெயரை மனதாரச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு முகவரி கிடையாது.

எப்படியும் பழைய வீதியில்தான் வைக்க வேண்டும் என்று சபை முடிவெடுத்தால், குறைந்தது இதைச் செய்யுங்கள்: புதுப் பெயருக்குக் கீழே "முன்னர் இன்ன வீதி" என்று சிறிய எழுத்தில் மூன்று மொழியிலும் எழுதுங்கள், பத்து வருசத்துக்கு அதை எடுக்க வேண்டாம். இலக்கங்களைத் தொடாதீர்கள். பெயர் மாற்றக் கடிதத்தைச் சபை தானே அச்சடித்து, கட்டணம் வாங்காமல், அடுத்த சோலைவரிச் சிட்டையோடு சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கட்டும்.