ஞாபகசக்திக்கு மாத்திரை தேடுவதற்கு முன்

எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் ஒரு ஞாபகசக்தி வைத்தியம் வந்துவிடும். ஒரு வாரம் வல்லாரை மாத்திரை, அடுத்த வாரம் ஊறவைத்த பாதாம், அப்புறம் சுடோகு போட்டால் மறதியே வராது என்று ஒரு வீடியோ. அனுப்புகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை உண்டு, எனக்குத் தெரியும். மொரிஷியஸில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிற நோய், அதிலென்ன ரகசியம்? ஆனால் அந்தச் சர்க்கரைக்கும் இந்த மறதிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அந்தக் குழுவில் இதுவரை ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

சர்க்கரை வந்தவரிடம் கால் மரத்துப்போகிறதா, கண்ணைக் காட்டினீர்களா, கிட்னி எப்படி என்றெல்லாம் விசாரிக்கத் தெரிகிறது. மூளையைப் பற்றிக் கேட்க மட்டும் தோன்றுவதில்லை. பெரியம்மா ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் 'வயசாயிடுச்சு' என்று முடித்துவிடுகிறோம். கண்ணிலும் கிட்னியிலும் மெல்லிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கிற அதே சர்க்கரை, மூளைக்குள் இருக்கும் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அவ்வளவு ரத்தம் கேட்கிற உறுப்பு, குழாய் கெட்டால் எப்படித் தப்பும்?

லண்டனில் 1985இல் தொடங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை இன்றுவரை தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அதன் விவரங்களை வைத்து 2021இல் ஒரு கணக்கு வெளியானது. 70 வயதானவர்களை எடுத்துக்கொண்டால், சர்க்கரை எவ்வளவு முன்னதாக வந்ததோ அவ்வளவுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோயின் அபாயமும் கூடியிருந்தது. ஒவ்வோர் ஐந்து ஆண்டுக்கும் சுமார் 24 விழுக்காடு. 70 வயதுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் சர்க்கரை வந்தவர்களுக்கு அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கவலைப்பட வேண்டியது தாத்தாவைப் பற்றி மட்டும் இல்லை, 38 வயதில் மாத்திரை ஆரம்பித்திருக்கும் அவருடைய மகனைப் பற்றியும்தான். அந்த மகனோ 'எனக்கு லேசான சர்க்கரைதான்' என்கிறார்!

2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கான காரணங்களில் நாம் மாற்றக்கூடியவை என்று 14ஐப் பட்டியலிட்டது. சர்க்கரை, பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரால், உடல் பருமன், உடலை அசைக்காமல் இருப்பது, மனச்சோர்வு எல்லாம் அதில் உண்டு. பதினான்கையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. வல்லாரை அதில் இல்லை.

சரி, நடந்தால் மூளை வளருமா? 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓராண்டு, வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடை. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி அப்படி நடந்தவர்களுக்குச் சுமார் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. நடக்காமல் உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. இதைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். பிறகு வந்த எல்லாச் சோதனைகளிலும் அப்படி வளரவில்லை என்பதை யாரும் பகிர்வதில்லை. வளர்கிறதோ இல்லையோ, வேலை செய்கிற தசை இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, பிரஷரும் இறங்குகிறது. எனக்கு அது போதும்.

அடுத்தது ஸ்ட்ரெஸ். நம் ஊரில் எந்த வியாதிக்கும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தப்பிக்கப் பழகிவிட்டோம். அதற்காக அது பொய் ஆகிவிடாது. மனம் நெருக்கடியில் இருக்கும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது, ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது, இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. 1968இல் புரூஸ் மெக்யூவன் என்ற மூளை விஞ்ஞானி எலிகளில் காட்டியபடி, இந்த வகை ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்கிற முக்கியமான இடம் அதே ஹிப்போகாம்பஸ். கார்டிசாலுக்கு 'போதும், நிறுத்து' என்று சொல்லும் இடங்களில் ஒன்றும் அதுதான். நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் நிறுத்தச் சொல்கிற இடமே தளர்ந்துபோகிறது. ஹோட்டலில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற அக்காவிடம் 'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொல்லி அனுப்புவதை நான் அறிவுரை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இடையில் ஒன்று. இன்சுலின் போடுகிற அல்லது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் திடீரென்று உளறினால், குழம்பினால், கோபப்பட்டால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். இறங்கிப் போயிருக்கலாம். சாமி வந்தது, புத்தி பேதலித்தது என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க அது நேரம் இல்லை. காவடி விரதத்தில் வேளை தவறிச் சாப்பிடுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விரதம் சைவம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளை ரொட்டியும் காத்தோ பிமாங் என்கிற பருப்பு வடையும் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும்கூடச் சைவம்தானே?

'கட்டுப்பாடு வேண்டும், மனவுறுதி வேண்டும்' என்ற மேடைப் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிறது. நம் நாட்டு வரலாறே அதற்குச் சாட்சி. 1987இல் அரசு ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992க்குள் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியது. அதில் கணிசமான பங்கு அந்த எண்ணெய்க்கு உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். தாளிப்பதற்கு முன் எந்த அம்மாவும் மனவுறுதி எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் கிடைத்த எண்ணெய் மாறியது, அவ்வளவுதான். அதே ஐந்தாண்டில் உடல் பருமன் ஏறியது, சர்க்கரை நோய் குறையவில்லை. எண்ணெய்க்குச் செய்ததைப் போல நடைக்கு யாரும் செய்யவில்லை.

கியூர்பிப் ஊரில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களைப் பாருங்கள். என் கண்ணில் பட்டவர்களில் அதிகம் பேர் ஓய்வுபெற்ற ஆண்கள். நல்லது, நடக்கட்டும். 40 வயதுப் பெண் எங்கே நடப்பாள்? கிராமத்துச் சாலையில் ஓரம் இல்லை, அறுவடைக் காலத்தில் கரும்பு லாரி தோளை உரசிக்கொண்டு போகும். ஜூன் மாதம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டில் யாரும் சமைத்து வைத்துக் காத்திருக்கப் போவதுமில்லை.

அதனால் சங்கத்துக்காரர்களிடம் கேட்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிற நேரத்தில் அம்மா அப்பாக்கள் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் மைதானம் பூட்டிக் கிடக்கிறது. வகுப்பு முடியும்வரை அதைத் திறந்துவிடுங்கள், விளக்குப் போடுங்கள், மாதம் ஒரு நாள் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க நர்ஸ் ஒருவரை அழையுங்கள். வருஷாந்திர விருந்துக்கு ஆகிற செலவில் சிறு பங்குகூட ஆகாது. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.