நேர்ந்தது யாருக்கு, தின்றது யார்?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்தால் திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஏதாவது ஒரு வளவுக்குள் மாடு அறுபடும். மகன் கட்டாரிலிருந்து சுகமாக வந்து இறங்கினாலும் அப்படித்தான். மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்தாலும் அப்படித்தான். "நேந்து வெச்ச மாடு" என்பார்கள், காரியம் நடந்தால் அறுப்பதாக அல்லாஹ்விடம் வாக்குக் கொடுத்த நேர்ச்சை மாடு. பந்தல் போட்டு, சஹன் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) வைத்து, காரும் கடையும் உள்ள ஆக்களை எல்லாம் கூப்பிட்டு, மறுநாள் படங்களும் சமூக ஊடகங்களில் ஏறும். அந்தப் படங்களில் அடுத்த ஒழுங்கையில் கூலிக்கு வலை இழுக்கிற மனிசனைத் தேடிப் பாருங்கள். அநேகமாக இருக்க மாட்டார்.

"நேர்ச்சையே மார்க்கத்தில் இல்லை" என்று கிளம்பப் போகும் தம்பிமாருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் கட்சி இல்லை. கபுறுக்கும் (அடக்கத்தலத்துக்கும்) அவுலியாக்களுக்கும் (இறைநேசர்களுக்கும்) நேர்வது கூடாது, அதில் எனக்கும் பேச்சில்லை. ஆனால் அல்லாஹ்வுக்கென்று நேர்ந்த ஒரு உம்மம்மாவிடம் போய் "இதெல்லாம் சும்மா, விட்டுப் போடுங்க" என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? குர்ஆனின் ஸூரத்துல் இன்ஸான் அத்தியாயத்தில் நல்லடியார்களின் குணங்களைச் சொல்லும்போது, அவர்கள் நேர்ச்சையை நிறைவேற்றுவார்கள் என்றுதான் தொடங்குகிறது (76:7).

அதேநேரம் நபித்தோழர் இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸும் (நபிமொழியும்) இருக்கிறது. புஹாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருவது. நபி (ஸல்) அவர்கள் நேர்ச்சை செய்வதைத் தடுத்தார்கள். அது எதையும் தடுத்துவிடாது, கஞ்சனிடமிருந்து கொஞ்சம் வெளியே வர அது ஒரு வழி, அவ்வளவுதான் என்றார்கள். தடுத்த ஒன்றை நிறைவேற்றினால் புகழ்ச்சியா என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. "நீ என்ட மகனுக்கு மெடிசின் படிக்கக் கிடைக்க வை, நான் மாடு தாறன்" என்று படைத்தவனோடு விலை பேசுவதைத்தான் அந்த ஹதீஸ் கண்டிக்கிறது. கொடுக்க மனமுள்ளவன் பெறுபேறு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஏழைக்குப் போகவேண்டிய இறைச்சி மூன்று 'ஏ'க்காகப் பிணை கிடக்கிறது. ஆனால் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால், சொன்னது அல்லாஹ்விடம். பிறகு "அது மக்ரூஹ்தானே (விரும்பத்தகாததுதானே)" என்று நழுவ முடியாது, வாஜிபாகிவிட்டது (கட்டாயக் கடமையாகிவிட்டது). (மனதில் மட்டும் நினைத்து, நாவால் சொல்லாதவர்கள் நிம்மதியாக இருங்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அதாவது சட்டப் பள்ளியில், வெறும் நினைப்பு நேர்ச்சை ஆகாது.)

இனி அந்த மாட்டுக்கு வருவோம். நேர்ந்த உழ்ஹிய்யாவின் (ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியின்) இறைச்சியை நேர்ந்தவரும் அவர் செலவில் வாழும் குடும்பமும் சாப்பிடக் கூடாது, அது முழுக்க ஏழைகளுக்கு என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். நேராமல் சுன்னத்தாகக் கொடுக்கும் குர்பானியில் நாம் சாப்பிடலாம், இதில் முடியாது. மற்ற நேர்ச்சைகளில் என்ன சொல்லி நேர்ந்தோமோ அதன்படி. "ஏழைகளுக்கு" என்று நேர்ந்துவிட்டு ஈரலை முதலில் தன் அடுப்புக்கு எடுத்து, தொடையை மச்சானுக்கு அனுப்பி, மிஞ்சிய எலும்பை ஸதகா (தர்மம்) என்று பங்கு வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சொந்தக்காரருக்கு விருந்து வைப்பது நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது? அதைச் சொந்தக் காசில் வையுங்கள். நேர்ந்த மாடு உங்களுடையது அல்ல.

இதைவிட எனக்கு நெருடலாக இருப்பது, அடுத்தவர் தலையில் கட்டும் நேர்ச்சை. எதிரிகளிடம் கைதியாக இருந்த ஓர் அன்ஸாரிப் (மதீனாவாசி) பெண் நபி (ஸல்) அவர்களின் 'அழ்பா' என்ற பெண் ஒட்டகத்தில் ஏறித் தப்பி வந்தார். அல்லாஹ் காப்பாற்றினால் இந்த ஒட்டகத்தையே அறுத்துப் பலியிடுவதாக வழியில் நேர்ந்துகொண்டார். காப்பாற்றி வந்த பிராணிக்குக் கிடைக்கவிருந்த கூலி அது! ரஸூலுல்லாஹ் அதைக் கேட்டு, எவ்வளவு மோசமான கைம்மாறு என்று வியந்துவிட்டு, பாவமான காரியத்திலும் தனக்குச் சொந்தமில்லாத பொருளிலும் நேர்ச்சை கிடையாது என்றார்கள் (முஸ்லிம்). ஒட்டகத்துக்கே இந்தச் சட்டம் என்றால் பிள்ளைக்கு? வயிற்றில் இருக்கும்போதே "ஆண் பிள்ளை என்றால் ஹாபிழ் ஆக்குவேன்" என்று நேர்ந்து, குர்ஆன் மனனம் ஏறாமல் திணறும் பத்து வயதுப் பையனை "உம்மாட நேர்ச்சை" என்று சொல்லிச் சொல்லியே மதரஸாவில் பிடித்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இம்ரானின் மனைவி நேரவில்லையா என்று கேட்பார்கள். நேர்ந்தார், ஆலு இம்ரானில் இருக்கிறது (3:35). அது நமக்கு முந்திய உம்மத்தின் சரித்திரம். நம் பையனின் படிப்பை நம் சட்டத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உடம்பை வருத்தும் நேர்ச்சைக்கும் பதில் உண்டு. நடந்தே போவதாக நேர்ந்து, இரண்டு மகன்மார் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி வந்த முதியவரைக் கண்ட நபி (ஸல்), இந்த மனிதர் தன்னை வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுக்கொண்டே, என்றோ நேர்ந்த திங்கள் வியாழன் நோன்பை விடாமல் பிடித்து மயங்கி விழும் உம்மாமார் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். "நேந்திட்டன் மகன், மௌத்தாகினாலும் பரவாயில்ல" என்கிறார்கள். முடியாமல் போனவருக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. பரிகாரமா, ஃபித்யாவா (நோன்புக்குப் பதிலாக ஏழைக்குக் கொடுக்கும் உணவா) என்பது என்ன நேர்ந்தார், எப்படி நேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. ஊர் மௌலவியிடம் கேளுங்கள், திருப்தி இல்லையென்றால் ஜம்இய்யத்துல் உலமாவின் (உலமாக்கள் சபையின்) பத்வாப் பிரிவுக்கு எழுதுங்கள். வைத்தியர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் கிண்ணியாக் கரையில் பிள்ளையைத் தேடி ஓடிய தாய்மார் வாயில் என்னென்ன நேர்ச்சை வந்திருக்கும்? 2006இல் யுத்தத்தால் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தவர்கள் வழியில் எதையெல்லாம் நேர்ந்திருப்பார்கள்? அவர்களில் பலர் இன்று இல்லை. நபித்தோழர் ஸஃது இப்னு உபாதா (ரழி) தன் தாய் ஒரு நேர்ச்சையை நிறைவேற்றாமலே மௌத்தானதைச் சொன்னபோது, தாய்க்காக நீர் நிறைவேற்றும் என்பதுதான் நபி (ஸல்) அவர்களிடமிருந்து கிடைத்த பதில். நாமோ ஜனாஸா அடங்கிய கையோடு காணி உறுதியைத் தேடுகிறோம். வங்கிக் கடன், கடைக் கடன் எல்லாம் விசாரிக்கிறோம். "உம்மா ஏதும் நேந்து வெச்சிருந்தாவா?" என்று மூத்த ராத்தாவிடம் (அக்காவிடம்) ஒருவரும் கேட்பதில்லை.

உம்மா வாப்பா உயிரோடு இருப்பவர்கள் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கள், கேட்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாதி அவர்களுக்கே மறந்திருக்கும். மாடு என்று சொன்னார்களா, ஆடு என்று சொன்னார்களா, யாருக்கென்று சொன்னார்கள் என்பதையும் விடாமல் கேட்டு எழுதுங்கள். இறைச்சிப் பங்கில் சண்டை வருவது அங்கேதான்.