தார் பூசிய ஃபேக்ஸ்

மெயிலிலேயே ஃபேக்ஸ் அனுப்பலாம், ரொம்பச் சுலபமாம்! பெரும்பாலான சேவைகளில் பெறுநர் இடத்தில் ஃபேக்ஸ் எண், அட் குறி (@), பிறகு சேவையின் முகவரி. பாண்டிச்சேரிக்கு 0413 போட்டால் மெயில் திரும்பிவிடும்; சுழியத்தை விட்டு, இந்தியாவின் 91 சேர்த்து 91413 என்று தொடங்க வேண்டும். கடலூருக்கு 914142. அந்த முன் சுழியம்தான் பாதிப் பேரின் தலைவலி.

மீதித் தலைவலி ஸ்கேன். சாதாரண ஃபேக்ஸுக்குக் கருப்பு, வெள்ளை இரண்டே நிறம். நிழல் விழ போனில் எடுத்த ஆதார் படத்தை இணைத்தால் எதிர்முனையில் தார் பூசிய தாள்தான் விழும். கருப்பு வெள்ளை பிடிஎஃப், 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) போதும்.

பழைய மெஷினை ஃபைபர் லைனில் மாட்டினாலோ பாதியில் அறுந்துவிடும். ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பும் லைனில் ஒரு துண்டு தவறினாலும் ஃபேக்ஸ் தடுமாறும். மெஷினின் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுக்குக் குறைத்தால் ஓரளவு தேறும். 'போய்ச் சேர்ந்தது' என்று வந்தாலும் போன் போட்டுக் கேளுங்கள். அங்கே பேப்பர் தீர்ந்திருக்கும், ஃபேக்ஸ் மெமரியில் தூங்கும்.