ஒரு நாள் பங்க்கைப் புறக்கணித்தால் விலை இறங்காது
மாதத்தில் ஒரு நாள் யாரும் பெட்ரோல் போடாமல் இருந்தால் விலை தானாக இறங்கும் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்று போடாதவர் நாளை போடத்தான் போகிறார். 2020 ஊரடங்கில் ஒரு நாள் என்ன, வாரக்கணக்கில் நாடே வண்டியை எடுக்கவில்லை. கச்சா எண்ணெயும் அடிமாட்டு விலைக்கு வந்தது. நமக்கு இறங்கியதா? அந்த மே மாதம் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்குப் பெட்ரோலில் 10 ரூபாய், டீசலில் 13 ரூபாய் ஏற்றியது. பிறகு பெட்ரோல் விலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது வரியைக் குறைத்தபோதுதான்: 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய், நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய், 2022 மே மாதம் மறுபடி 8 ரூபாய். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் 'வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள்' என்கிறார். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது எங்கள் வடசென்னைப் பக்கத்துக்குப் பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையே இருக்கிற மணலிக்கு மெட்ரோ இல்லை. விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மீன் பெட்டியில் ஐஸ் கொட்டி, டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு எண்ணூர் வரை தெருத்தெருவாக விற்கிறவர் எந்த ரயிலில் ஏறுவார்? அவர் பங்க்கில் லிட்டர் கணக்கு சொல்வதில்லை, 'நூறு ரூபாய்க்குப் போடுப்பா' என்பார்; அதற்கு இப்போது ஒரு லிட்டர்கூட முழுசாக விழுவதில்லை. இதற்கு மேல் அவர் எதைக் குறைப்பது? புறக்கணிப்பதை விட்டு, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும் சரி, பெட்ரோல் ஏன் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை என்று கேளுங்கள். ஜிஎஸ்டி வந்த 2017-லிருந்து வெளியேதான் நிற்கிறது. பெட்ரோல் வரியில் வரும் வருமானத்தை விட்டுக்கொடுக்க மத்திய அரசுக்கும் மனசில்லை, மாநில அரசுகளுக்கும் மனசில்லை.